பதினோரு பெண்களும் ஒரு ரேகைப் பெட்டியும்

பதினைந்து ஆண்டுகளில் நான் மூன்று காப்பீட்டுக் கம்பெனிகளில் வேலை பார்த்தேன். மூன்றிலும் என் நாற்காலி ஒன்றுதான். புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வாசலுக்கு இடது பக்கம், மருந்துக் கடைக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் ஒரு மேசை. அரசாங்கம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை டெண்டர் விடும். வேறொரு கம்பெனி எடுக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் யாரோ வந்து என் கழுத்திலிருந்த அடையாள அட்டைப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, வேறு நிறத்தில் ஒன்றை மாட்டிவிட்டுப் போவார்கள். முதலில் நீலம், பிறகு பச்சை, கடைசியில் மாம்பழ மஞ்சள். மஞ்சள்தான் எனக்கு எடுப்பாக இருக்கிறது என்று வார்டு ஆயா சொன்னாள். அதோடு ஓய்வு பெற்றதில் எனக்கு மகிழ்ச்சி.

போன மாதம் இப்போது அந்த மேசையில் இருக்கும் கவிதா போன் செய்தாள். இனி விரல் ரேகையே வேண்டாமாம். போனில் முகத்தைக் காட்டினால் ஆள் யாரென்று தெரிந்துவிடுமாம். “அக்கா, நீங்கல்லாம் விரல வச்சுக்கிட்டு எப்படித்தான் ஓட்டுனீங்க?” என்று சிரித்தாள். நான் பேச ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவள், “போதும்க்கா, காது சுடுது. எழுதிக் குடுங்க, எல்லாருக்கும் அனுப்புறேன்” என்றாள். என்னைப் பேசச் சொன்னாலும் எழுதச் சொன்னாலும் நிறுத்த வைப்பது கஷ்டம். அவள் தலையெழுத்து.

திட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழைக் குடும்பங்களுக்கான சந்தாவை அரசாங்கம் ஒரு தனியார் காப்பீட்டுக் கம்பெனிக்குக் கட்டுகிறது. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொண்டுபோய், படம் எடுத்து, விரல் ரேகை வைத்தால் காப்பீட்டு அட்டை கிடைக்கும். ஆபரேஷன் என்று வந்தால் ஆஸ்பத்திரி சார்பில் நான் கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டும். சென்னையில் இருக்கும் கம்பெனி டாக்டர் ஸ்கேனையும் படத்தையும் பார்த்துச் சரி என்றால் ஆபரேஷன் நடக்கும், செலவைக் கம்பெனி நேராக ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடும். வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “இது கவர்மெண்டா, பிரைவேட்டாம்மா?” என்பதுதான். நான் சொல்வேன்: “அரிசி கவர்மெண்டுது, சமைக்கிறது கம்பெனி, பரிமாறுறது நான். நீங்க எலையப் போட்டு உக்காருங்க.”

எனக்குப் பயிற்சி என்று திருச்சியில் மூன்று நாள் ஒரு ஓட்டல் அறையில் கொடுத்தார்கள். எந்த நோய்க்கு எந்த எண், எந்த எண்ணுக்கு எத்தனை படம். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் மனசில் நிற்கவில்லை. உண்மையான பயிற்சி மேசையில்தான் நடந்தது. முதல் ஆண்டு ஆயுத பூஜை முடிந்த வாரம் வந்த அட்டைகளில் பாதியைக் கருவி படிக்க மறுத்தது. பார்த்தால், வண்டிச் சாவிக்கும் அரிவாள்மணைக்கும் வைத்த கையோடு அட்டைக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள், சரியாக ‘சிப்’ இருக்கும் இடத்தில். ஒரு வாரம் முழுக்கப் பஞ்சும் கையுமாக நான் துடைத்துக்கொண்டிருந்தேன். உயிரைக் காக்கும் பொருளுக்குப் பொட்டு வைத்தவர்களை எப்படித் திட்டுவது?

எங்கள் மாவட்டத்துக்குக் கம்பெனியின் பொறுப்பாளராக இருந்தவர் ஷேக் தாவூது சார். கோட்டைப்பட்டினத்துக்காரர், அப்போது ஐம்பதைத் தாண்டியவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நோயாளி நிற்கும்போது அவர் உட்கார மாட்டார். சென்னையிலிருந்து கேள்வி வந்தால், அதை நாங்கள் ‘க்வெரி’ என்போம், மூன்று முறை வாய்விட்டு வாசிப்பார். முதல் முறை வாசிக்கும்போது எங்களுக்குக் கோபம் வரும், இரண்டாம் முறை புரியும், மூன்றாம் முறை பதில் தெரியும் என்பது அவர் கணக்கு. நோயாளியின் படத்தைப் பார்த்தால் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் நான்கு ஓரங்கள். கட்டில் எண், சுவர்க் கடிகாரம், பக்கத்தில் நிற்பவரின் கை, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவார். ‘ஆகாது’ என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. “இன்னும் ஆகல” என்பார். என் பெயர் ஆரோக்கியமேரி. ஆரோக்கியத்தை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார வைத்திருக்கிறோம் என்று என்னை அறிமுகப்படுத்தும் போதெல்லாம் சொல்லுவார், சலிக்கவே சலிக்காது அவருக்கு. எனக்குச் சலித்துவிட்டது.

ஒரு நாள் ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் சிறுநீரகக் கல்லோடு வந்தார். அட்டை இருந்தது. நோய் வந்துவிட்டால் படத்துக்கும் ஆளுக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரத்தானே செய்யும் என்று, அவசரத்தில் ரேகைகூட வைத்துப் பார்க்காமல் அனுமதிக்கு அனுப்பிவிட்டேன். சார் வந்தார். நின்றபடியே அவரிடம், “ஒங்க வீட்டுக்காரம்மா பேரு என்னங்க?” என்றார்.

“மதினி பேரு சாந்திங்க” என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. அண்ணனுடைய அட்டை. இவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. நான் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் பேனாவைத் தேடினேன். சார் சிரிக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. “இந்த அட்டையில இன்னும் ஆகல. ஒங்க பேர்ல ஆகும், வாங்க” என்று கலெக்டர் ஆபீஸ் அட்டைக் கவுண்டருக்கு அவரைக் கூட்டிப்போய், அன்றைக்கே சொந்தப் பெயரில் அட்டை வாங்கிக் கொடுத்தார். கல்லும் வெளியே வந்தது. ஆனால் நான் அனுப்பிய முதல் காகிதம் சென்னையில் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து புதுக்கோட்டை என்றாலே சென்னைக்கு ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தின் மேல்தான் ராசாத்தி வந்து இடித்துக்கொண்டாள்.

ராசாத்தி கந்தர்வக்கோட்டை போகும் சாலையில் ஒரு முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைப்பவள். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். இருதய வால்வு சுருங்கிப்போயிருந்தது. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வால்வு மாற்றும் சர்ஜன் வரும் வியாழக்கிழமைக்கு நாள் கொடுத்திருந்தார். அந்த வியாழன் தவறினால் அடுத்த தேதி ஒன்றரை மாதம் கழித்துத்தான். அதுவரை தாங்காது என்று டாக்டர் அவள் கணவர் முருகேசனிடம் சொல்லியே விட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயைக் கண்டுபிடித்ததால் அட்டைச் சரிபார்ப்பும் அனுமதி கேட்பதும் என் மேசையில். திங்கட்கிழமை காலையில் அவள் வந்தாள். மேசைக்கும் வாசலுக்கும் பத்தடிதான் இருக்கும்.

“அக்கா… அட்டை… கொண்டாந்திருக்கேன்…” என்றாள். அந்த மூன்று சொல்லுக்கு மூன்று முறை மூச்சு வாங்கினாள்.

அந்த நாட்களில் நோயாளியின் விரலை ஒரு சின்னக் கருவியில் வைக்க வேண்டும். ஊர்ப்பக்கம் அதை ரேகைப் பெட்டி என்பார்கள். அட்டையில் பதிந்த ரேகையோடு ஒத்துப்போனால் பச்சை எரியும், இல்லையென்றால் சிவப்பு. ராசாத்தி வைத்தாள், சிவப்பு. இன்னொரு விரல், சிவப்பு. விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. வறுத்த கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் சுடும். எனக்கு அது தெரியாது. வெறும் கறை என்று நினைத்து, “வீட்டுக்குப் போயி நல்லாச் சுத்தமாக் கழுவிட்டு நாளைக்கி வாங்கம்மா” என்றேன். என் வேலை வாழ்க்கையில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கொட்டகைப் பெண்கள் பாசக்காரர்கள். ராசாத்தி மூச்சு வாங்குகிறாளே என்று அவளை உட்காரவைத்து, ஆளுக்கொரு விரலாகப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழமும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அவள் கையை நீட்டியபோது பத்து விரலும் துலக்கிய எவர்சில்வர் கரண்டி மாதிரி பளபளத்தன. மிச்சம் இருந்த ஒன்றிரண்டு கோடும் போய்விட்டது. முப்பது முறை வைத்துப் பார்த்தேன். முப்பதும் சிவப்பு. முருகேசன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. “நீங்க சொன்னீகன்னுதான் மேடம் தேய்ச்சாக” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அங்கேயே, நோயாளிகள் முன்னாலேயே.

ரேகை விழாதவர்களுக்கு என்று ஒரு தனிப் படிவம் உண்டு. அதில், பல ஆண்டுகளாக முந்திரி உடைத்துத் தேய்ந்த விரல் என்று எழுதி, படங்கள் சேர்த்து, சார் கையெழுத்தோடு அனுப்பினோம். ராசாத்தியைத் தஞ்சாவூருக்குப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டோம். சாயங்காலம் சென்னையிலிருந்து கேள்வி வந்தது. சார் மூன்று முறை வாசித்தார். இரண்டு கேள்விகள். பத்து விரலும் ஏன் ஒத்துப்போகவில்லை? வேலையால் தேய்ந்தது என்றால், அட்டை எடுத்தபோது மட்டும் அதே விரல்களில் ரேகை எப்படித் தெளிவாக விழுந்தது? புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் அனுமதி இல்லை.

“முதல் கேள்விக்குப் பதில் கொட்டகையில இருக்கு. ரெண்டாவதுக்கு எங்க இருக்குன்னு இன்னும் தெரியல” என்றார் சார். “வேற யாரோட அட்டையிலோ இவுக வந்திருக்காகன்னு நெனைக்கிறாங்க. தப்பில்ல, நாம முன்னாடி அப்படி அனுப்புனவுகதானே.”

அந்த ‘நாம’ என்ற சொல்லுக்காக நான் அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அனுப்பியது நான்தான்.

புதன்கிழமை காலை பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. சாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தார். மடியில் லேப்டாப் பை, பைக்குள் ரேகைப் பெட்டி. கந்தர்வக்கோட்டை ரோட்டில் ஒரு பெண் ஓட்ட, நரைத்த தாடியோடு ஒருவர் பின்னால் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போவதை ஊரே திரும்பிப் பார்த்தது. பள்ளம் வரும்போதெல்லாம் “யா அல்லாஹ்” என்றார். நான் பதிலுக்கு “மாதாவே” என்றேன். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தது நல்லதுக்குத்தான்.

கொட்டகையில் பதினோரு பெண்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சார் விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொருவரும் பெட்டியில் விரலை வைக்க வேண்டும், சிவப்பு விழுந்தால் அதைப் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்புவோம், இங்கே யாருக்குமே ரேகை நிற்பதில்லை என்று காட்டுவோம். மூத்தவளான லெட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வெளங்காமப் போகணும்னு வேண்டிக்கிட்டு வைக்கிறது இதுதான் சார் மொதத் தடவ” என்றாள்.

அவரவர் ஆதார் எண்ணைப் போட்டு, அதில் பதிந்த ரேகையோடு அவரவர் விரலை வைத்துப் பார்த்தோம். லெட்சுமிக்குச் சிவப்பு. கொட்டகையே கைதட்டியது. அடுத்தவள் மாரியாயி, சிவப்பு. விசில் ஒன்று கிளம்பியது. யார் அடித்தது என்று சார் திரும்பிப் பார்க்க, எல்லோரும் கொட்டையைப் பார்த்தார்கள். ஐந்தாவது ஆளுக்குப் பிறகு நானும் கைதட்ட ஆரம்பித்துவிட்டேன். ஒரு கருவி வேலை செய்யாததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது இல்லை. பத்துப் பேர், பத்தும் சிவப்பு. முகமும் கையும் தெரிய ஒவ்வொருவரையும் படம் எடுத்தேன்.

பதினோராவது மல்லிகா. சின்னப் பெண், தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையை ஆட்டிவிட்டு வந்து விரலை வைத்தாள்.

பச்சை.

“அடிப் பாவி, கெடுத்திட்டியேடி!” என்றாள் லெட்சுமி. மல்லிகா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “நான் ஒண்ணும் பண்ணலக்கா, வையுன்னாக, வச்சேன்” என்று உதடு பிதுங்கிவிட்டது. இந்தப் பச்சையை மறைத்துவிட்டுப் பத்தை மட்டும் அனுப்பலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்ததை ஒத்துக்கொள்கிறேன்.

சார் மட்டும் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். “நீங்க எத்தன நாளா வேலைக்கி வாரீங்கம்மா?”

“முந்தாநாத்துத்தான் சார் வந்தேன். பேறுகாலத்துக்கு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயி அஞ்சு மாசம் இருந்திட்டு வந்தேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஆறு வருசமா இதே வேலதான். மொதப் பிள்ளைக்கி முன்னாடி ரேஷன் கடையில வச்சப்ப எனக்கும் விழுகல.”

சார் என் பக்கம் திரும்பினார். “ஆரோக்கியம்மா, ராசாத்தியோட அட்டைப் படத்த எடுங்க.” லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் வழக்கம்போல ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். இடது பக்கக் கீழ் மூலைக்கு வந்ததும் விரலை வைத்தார். “இது என்னம்மா?”

இரண்டு நாளில் அந்தப் படத்தை நான் பத்து முறையாவது பார்த்திருப்பேன். சேலை மடிப்பு என்றே நினைத்திருந்தேன். அது மடிப்பு இல்லை. ஒரு குழந்தையின் உள்ளங்கால்.

பதிவான இடத்தைப் பார்த்தேன். திருவரங்குளம் முகாம். கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பெண்ணுக்குத் திருவரங்குளத்தில் என்ன வேலை? தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்த முருகேசனுக்குப் போன் போட்டோம்.

“அது அவுக ஆத்தா ஊரு சார். சின்னவன் பெறந்து நாலு மாசம், அங்கதான் இருந்தா. முகாம் போட்டாகன்னு நான்தான் ரேஷன் கார்ட எடுத்துக்கிட்டு ஓடுனேன்.”

பிள்ளை பெறத் தாய்வீட்டுக்குப் போன நாட்களில் விரல் ஆறியிருக்கிறது. ஆறிய விரலைத்தான் முகாமில் வைத்திருக்கிறாள். திரும்பி வந்து உடைக்க ஆரம்பித்ததும் ரேகை போய்விட்டது. முதல் கேள்விக்குப் பத்துச் சிவப்பு பதில் சொன்னது. இரண்டாவது கேள்விக்கு மல்லிகாவின் பச்சை பதில் சொன்னது. லெட்சுமி மல்லிகாவைக் கட்டிப்பிடித்து, சற்று முன் திட்டிய அதே வாயால் கொஞ்சினாள்.

சார் ஒரு முந்திரி மூட்டை மேல் உட்கார்ந்து கடிதம் எழுதினார். எதிரே யாரும் நோயாளி இல்லாததால் உட்கார்ந்தார். கொட்டகைக்குள் இருந்த ஒரு கோடு சிக்னலில் படங்கள் ஏறவில்லை, ரோட்டோரப் பாலத்தில்தான் நல்ல சிக்னல் கிடைத்தது. பதினோரு படங்களும் குழந்தைக் காலும் ஏறி முடிய மூன்று மணி ஆகிவிட்டது. சார் மல்லிகாவையும் பாலத்துக்கு வரச் சொல்லிவிட்டு, சென்னை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“அஞ்சு மாசத்துல ரேகை திரும்ப வந்துடுமா?” என்றார் டாக்டரம்மா.

“பச்சை விழுந்த பிள்ள இங்கதான் நிக்கிது டாக்டர். நீங்களே பேசுங்க.”

மல்லிகா போனை வாங்கி, “வணக்கம் மேடம்” என்றதும் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டது. அதற்கு மேல் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரிப்பது எங்களுக்கும் கேட்டது. நாலேகாலுக்கு என் போனில் அனுமதி வந்து விழுந்தது. நான் பாலத்தின் மேல் நின்று கத்தினேன். கொட்டகையிலிருந்து மீதிப் பத்துப் பேரும் ஓடி வந்தார்கள். வியாழக்கிழமை காலை ராசாத்திக்குப் புது வால்வு வைத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போனதும் கம்பெனியிலிருந்து போன் செய்து விசாரிப்பது வழக்கம். ஆள் உண்மைதானா, யாரும் காசு கேட்டார்களா, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்துகொள்வார்கள். ராசாத்திக்குச் செய்த போனின் பதிவைச் சென்னை டாக்டரம்மா சாருக்கு அனுப்பியிருந்தார். சார் அதை என் மேசைக்குக் கொண்டுவந்தார். இருவரும் குனிந்து காதை வைத்துக் கேட்டோம்.

“பேசுறது ராசாத்திங்களா?”

“ஆமாத்தா, நான்தான். இந்த வட்டம் சந்தேகமே வேணாம்.”

“யாராவது ஒங்ககிட்ட பணம் கேட்டாங்களா?”

“ஒரு டீ வாங்கிக் குடுக்கக்கூட விடல அந்தப் பாய் சாரு.”

“இப்ப மூச்சுத் திணறல் இருக்குங்களா?”

“இரு, காட்டுறேன்” என்றாள் ராசாத்தி. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “லெட்சுமி மாரியாயி செல்வி பெரியநாயகி பாப்பாத்தி தனலெட்சுமி சித்ரா பானுமதி ஆண்டாயி வசந்தா மல்லிகா” என்று சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தாள்.

சார் இன்னொரு முறை போடச் சொன்னார். இந்த முறை இருவரும் விரல் விட்டு எண்ணினோம். நடுவில் எங்கும் அவள் மூச்சு வாங்கவில்லை. பதினொன்று.